ஞாயிறு ஒரு நாள்தான் லீவு: படிப்பு, படம், நாலு இடம் பார்ப்பது எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

நொய்யல்வாசி (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். வீட்டுக்காரர் டையிங்கில் சூப்பர்வைசர். மகள் எட்டாவது, மகன் நாலாவது. எங்களுக்கு வாய்ப்பது ஞாயிறு ஒரு நாள். அதிலும் பாதி, துணி துவைப்பதிலும் கறி எடுத்து ஆக்குவதிலும் போய்விடும். மிச்ச நேரத்தில் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

கல்யாணத்துக்கு முன்னால் கையில் புத்தகம் இல்லாமல் என்னைப் பார்க்க முடியாது. இப்போது ஜனவரியில் நம்ம ஊர் புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கியவை அலமாரியில் அப்படியே இருக்கின்றன. வெளியே போகலாம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சுதான்: ஊட்டி, இல்லாவிட்டால் கோயமுத்தூரில் ஏதாவது மால். போய் வந்தால் பணம் கரைந்திருக்கும், உடம்பு அலுத்திருக்கும், மனதில் ஒன்றும் தங்கியிருக்காது.

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லைங்க. வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, நீங்கள் எதைப் படிக்கிறீர்கள், எதைப் பார்க்கிறீர்கள், எப்போது? அதைச் சொன்னால் போதும்.

தறிச்சத்தம் (சோமனூர்)

அம்மிணி, எங்களுக்கு ஞாயிறுகூடச் சில வாரம் கிடையாது. கூலிக்கு நெசவு. தறி ஓடும்போது பாட்டும் கேட்காது, பேச்சும் கேட்காது. தார் மாற்றி, அறுந்த இழையைப் பிணைத்து, திரும்பி நிற்பதற்குள் அடுத்த தறி நின்றிருக்கும். அதற்கு நடுவில் புத்தகத்தைத் திறப்பது நடக்காத காரியம்.

எனக்கு வழி விட்டது கரண்ட் ஆபீசு. மாதாமாதம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷட்டவுன் வருமே, அந்த நாளைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் அன்றைக்குத் தூங்குவேன், இல்லையென்றால் பேக்கரியில் டீயைக் குடித்துக்கொண்டு அரசியல் பேசுவேன். இப்போது அன்று முழுக்கப் படிப்புதான். தறி நின்ற குடோனில் இருக்கிற அமைதி வேறெங்கும் கிடைக்காதுங்க. கதவுப் பக்கம் வெளிச்சத்துக்குக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால், மறுபடி கரண்ட் வந்து பல்பு எரியும்போதுதான் தலையைத் தூக்குவேன்.

அப்படித்தான் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ படித்தேன். 1942இல் வந்த நாவல். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். தமிழில் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். கதை ரொம்பச் சின்னது. புருசனை இழந்த ஒரு பெண், கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அவ்வளவுதான். ஆனால் பங்கு என்ற பேச்சு வாயிலிருந்து வந்த பிறகு ஒரு வீட்டில் சோறு போடுவதும் வாங்குவதும் எப்படி மாறுகிறது என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். எங்கள் அப்பாருவும் அவர் தம்பியும் வரப்புக்காக வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். அது ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்தபோது புரிந்தது.

நொய்யல்வாசிக்கு நான் சொல்வது: தடிப் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி ஒன்றை எடுங்கள். முடித்தோம் என்ற திருப்திதான் அடுத்த புத்தகத்தைக் கையில் எடுக்க வைக்கும்.

சீசன்டிக்கெட் (ஈரோடு)

ஈரோட்டிலிருந்து கோவைக்கு தினமும் ரயில். எங்கள் பெட்டியில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. ஒருத்தர் முடித்த புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். திருப்பூரில் ஏறுகிற ஒரு அக்கா வாங்கிப் போனால் மறுநாளே அதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் ஒழுங்காகப் படிக்கிறேன். நேரம் தானாகக் கிடைக்காதுங்க. கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தால் கிடைக்கும்.

கோடம்பாக்கம்வேண்டாம் (பீளமேடு)

ஐடி வேலை, வீட்டிலிருந்தே. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இவ்வளவு கஷ்டம் எதற்கு? எல்லாப் படமும் ஓடிடியில் வந்துவிடுகிறது. ஆடியோ புத்தகம் இருக்கிறது, பாத்திரம் கழுவும்போது கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெயிலில் அலைவதைவிட வீட்டில் நல்ல படம் ஒன்றைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது மேல். தியேட்டரில் நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன் என்றால் ஒரு வார மளிகைக் காசு.

வெரைட்டிஹால்ரோடு (கோவை)

மேலே தம்பி சொன்னதில் காசு விஷயம் நிஜம். ஆடியோ புத்தகமும் நல்ல யோசனை, நானே கேட்கிறேன். ஆனால் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாம் இருப்பது எந்த ஊர்? கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914இல் நம்ம ஊரில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவில் நிரந்தரமாகக் கட்டிய முதல் சினிமா கொட்டகைகளில் அதுவும் ஒன்று. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. தெருவுக்கு மட்டும் இன்றைக்கும் அதே பெயர்தான். திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்து 1947இல் வெளிவந்த படம் அங்கே எடுத்ததுதான். சேலம் போனால் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. சென்னைக்கு முன்னாலும் சென்னைக்குச் சமமாகவும் படம் எடுத்த மண்ணுங்க இது.

என் பையனை அந்த வீதியில் நடக்கவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். செலவு ஒன்றுமில்லை. டவுன்ஹால் மணிக்கூண்டிலிருந்து ஆரம்பித்து, ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்தில் ஏறி அரை மணி நேரம் புத்தகம் புரட்டிவிட்டு, வெரைட்டி ஹால் ரோடு வந்து, கடைசியில் உக்கடம் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் முடிப்போம். பையன் ஒரு புத்தகம், நான் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம்.

வீட்டில் போடுகிற படம் பாதியில் நிற்கும். குக்கர் விசில் அடிக்கும், யாராவது ஒறம்பரை வருவார்கள், போன் வரும். தியேட்டரில் படம் நம்மைக் கேட்டு நிற்காது. தெரியாத முன்னூறு பேர் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் நாமும் ஒருத்தராக இருப்பது பெரிய அனுபவம். எல்லாப் படத்துக்கும் போக வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று, நன்றாக விசாரித்துத் தேர்ந்தெடுத்து, மல்ட்டிபிளெக்ஸை விட்டுவிட்டு ஒற்றைத் திரைக் கொட்டகையில் பாருங்கள். கொறிக்கிறதை இடைவேளையில் வாங்காமல், படம் முடிந்து வெளியே வந்து பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்.

கோடம்பாக்கம்வேண்டாம் (பீளமேடு)

இவ்வளவு நாள் அந்த ரோட்டில் எலக்ட்ரிக் சாமான் வாங்கத்தான் போயிருக்கிறேன். நடந்து பார்க்கிறேன் அண்ணா. ஓடிடி பற்றி என் கருத்து மாறவில்லை. உலகத்துப் படமெல்லாம் நம்ம ஊர்க் கொட்டகைக்கு வராது. வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

தறிச்சத்தம் (சோமனூர்)

உலகத்துப் படம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. சத்யஜித் ரே படமாக எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் நான் சொன்ன அதே சண்முகசுந்தரம்தான். வங்காளத்துக் கிராமத்தை நம்ம பக்கத்து ஆள் தமிழில் எழுதியதைப் படியுங்கள், அப்புறம் தம்பி சொல்கிற மாதிரி வீட்டிலேயே படத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் சொன்னது சரியாகிவிடும்.

பழையடீச்சர் (ஈரோடு)

எல்லாவற்றையும் படித்தேன் கண்ணுகளா. பணிநிறைவு பெற்ற ஆசிரியை நான். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது நூலகம். யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1948இல் சட்டம் போட்டு, நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். காசு கட்டியாகிவிட்டது, புத்தகம் எடுக்கத்தான் ஆள் இல்லை. நொய்யல்வாசி, உங்கள் மகளுக்கும் மகனுக்கும் தனித்தனியாக உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை, தானே அலமாரிக்குப் போகும். எதை எடுக்கிறது என்று பார்க்காதீர்கள். பேய்க்கதை எடுத்தால் பேய்க்கதை படிக்கட்டும். என் வகுப்பில் நான் கண்டது, கட்டாயப்படுத்தி நல்ல புத்தகம் கொடுத்த பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டார்கள். கண்டதையும் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

ஆகஸ்ட்டில் எங்கள் ஊர் புத்தகத் திருவிழாவுக்கு வாருங்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005இலிருந்து நடத்துகிறது. கோவையில் கொடிசியா வளாகத்தில் ஜூலையில் நடக்கும். இப்போது எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் ஈரோட்டில் சாயங்காலப் பேச்சுக்குத் தறிக்காரர், மஞ்சள் மண்டிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்கே நான் போகிறேன். ஒரு யோசனை: பிள்ளைகள் கையில் உண்டியல் கொடுத்து வருஷம் முழுக்கச் சேர்க்கச் சொல்லுங்கள். தன் காசில் வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை அலமாரியில் போட்டு வைக்காது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வெளியே போவதென்றால் மலையும் மாலும்தானா? காங்கேயம் போகிற வழியில் அறச்சலூர் இருக்கிறது. அங்கே நாகமலையில் பாறையில் ஒரு கல்வெட்டு. தமிழி என்கிற பழங்காலத் தமிழ் எழுத்து. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்குக் குறையாது. கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு அதை வெளியே கொண்டுவந்தார். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இதை இடமிருந்து வலம் படியுங்கள். வலமிருந்து இடம் படியுங்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எப்படிப் படித்தாலும் ஒன்றேதான். ஆட்டத்துக்கான தாளக்கட்டு. இசைக் கல்வெட்டு என்று சொல்கிறோம். எழுத்தை இப்படிக் கோத்தவர் தன் பெயரையும் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிகளைத் தரம் பார்க்கிற தொழில்காரர் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பகலெல்லாம் மணியைப் பார்த்து விலை சொன்ன மனுசன், பொழுதோட உட்கார்ந்து இப்படி ஒரு தாளத்தைக் கோத்திருக்கிறான். நொய்யல்வாசி, உங்கள் கேள்விக்கு இந்த ஊரில் ரொம்பப் பழைய பதில் அவர்தான் என்று நினைக்கிறேன். வேலைக்காரர்தான் கலையையும் செய்திருக்கிறார்.

அந்த மணி எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டால், சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று பாடிய ஊர் அதுதான் என்பார்கள். அகழாய்வில் பச்சைக்கல், சூதுபவளம், படிகம் என்று மணியும், மணி செய்த பட்டறையும், பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. உங்கள் ஆறுதானே! திருப்பூரில் சாயக்கழிவோடு பார்க்கிற நொய்யலை வைத்து அந்த ஆற்றை எடை போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கும்மிக்காரி (அவிநாசி)

டீச்சரம்மா, அந்த ஐந்து வரியை என் மகளிடம் காட்டினேன். உடனே காலால் அடித்துப் பார்க்கிறாள்.

நான் புத்தகம் அதிகம் படிக்கிறவள் இல்லைங்க. எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழகுகிறோம். அதைப் பற்றிச் சொல்கிறேன். வேலை முடிந்து ராத்திரி ஏழரை மணிக்குக் கோயில் திடலில் சேருவோம். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வட்டமாக நிற்க வேண்டும். ஆசிரியர் மைக்கில் பாட்டெடுப்பார். முருகன் வேடனாக வந்து வள்ளியைக் கேட்கிற கதை. ஒரு அடி முன்னால், ஒரு திருப்பம், குனிந்து கீழே ஒரு கொட்டு, நிமிர்ந்து மேலே ஒரு கொட்டு. முதல் வாரம் கையும் காலும் ஒன்றோடொன்று சேராது. பக்கத்தில் இருப்பவள் மீது இடிப்போம். பிறகு ஒரு நாள் அத்தனை பேர் கொட்டும் ஒரே சத்தமாக விழும். அன்றைக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்கள், அதைச் சொல்லத் தெரியவில்லை. அரங்கேற்றத்தன்று எல்லோரும் ஒரே நிறச் சேலை.

ஆறு வயசுப் பிள்ளையும் எழுபது வயசு அம்மிச்சியும் ஒரே வட்டத்தில் ஆடுகிற வேறு எதையாவது சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் அய்யாவுக்கு இதற்காக 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்களையும் கும்மிக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சில மேடைகளில் கும்மியோடு சாதிப் பெருமையும் சேர்ந்து வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வள்ளி தினைப்புனம் காத்த குறவர் பெண். அவள் கதையைப் பாடிக்கொண்டே இவரைச் சேர்க்கலாம், அவரைச் சேர்க்கக் கூடாது என்றால் அந்தப் பாட்டுக்கே அர்த்தம் இல்லை. எங்கள் வட்டத்தில் யார் வந்தாலும் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொள்வோம்.

நொய்யல்வாசி அக்கா, மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணனையும்தான். எங்கள் குழுவில் டையிங் ஆட்களும் ஆடுகிறார்கள்.

காங்கேயம்காளை (வெள்ளகோவில்)

கும்மியைச் சொன்னவர்கள் உடுக்கடிப் பாட்டையும் சொல்லியிருக்கலாம். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணமார் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அதை டேப்பில் பதிவு செய்தார். கடல் தாண்டி வந்தவர் உட்கார்ந்து கேட்டார். நாம் நம்ம ஊர் நோம்பியில் பாதியிலேயே எழுந்து வந்துவிடுகிறோம். அவர்கள் உயிர்விடுகிற படுகளம் வரைக்கும் ஒரு தடவையாவது பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்கவையுங்கள். தூங்கினால் மடியில் தூங்கட்டும்.

நொய்யல்வாசி (திருப்பூர்)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லைங்க. வேலை, வீடு எல்லாம் முடிந்து நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். உங்களில் யாருக்கும் நேரம் மிஞ்சவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது. ஷட்டவுன், ரயில், ராத்திரி ஏழரை மணி என்று ஆளுக்கொரு இடத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்காரரிடம் நீங்கள் எழுதியது முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் டீச்சரம்மா எழுதிய நொய்யல் வரியை மறுபடி படிக்கச் சொன்னார். டையிங் வேலையில் இருக்கிறவருக்கு அந்த ஆற்றுப் பேச்சு சும்மா போகாது. கொடுமணல் போகலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். மகள் அறச்சலூர் வேண்டும் என்கிறாள். மகனுக்கு எந்த இடமானாலும் சரி, கையில் சந்தகைப் பொட்டலம் இருந்தால் போதும்.

இரண்டு இடமும் ஒரே நாளில் பைக்கில் முடியுமா? பாறைக்கு ஏறுவது பிள்ளைகளுக்குக் கஷ்டமா? கும்மிக்காரி, உங்கள் குழுவில் புதிதாகச் சேர எந்த மாதம் வரலாம்?

பழையடீச்சர் (ஈரோடு)

முடியும் கண்ணு. காலை வெயிலுக்கு முன்னால் அறச்சலூர். ஏறுவதற்குப் படிக்கட்டெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நல்ல செருப்பும் தண்ணீரும் வேண்டும். ஊருக்குள் விசாரித்து, வழி தெரிந்த ஆளோடு போங்கள். எழுத்தின் மீது சாக்பீஸ் தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ விடாதீர்கள். சாய்வாக வெளிச்சம் விழும்போது தானாகவே தெரியும். அங்கிருந்து சென்னிமலை வழியாகக் கொடுமணல். தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதனால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே படங்களைக் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் வெறும் காடு என்பார்கள். தரையில் ஓடு கிடந்தால் பார்க்கலாம், எடுத்து வரக் கூடாது.

நூலக அட்டைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கிளை நூலகங்களுக்கு அன்று விடுமுறை.

கும்மிக்காரி (அவிநாசி)

இப்போதே வரலாம் அக்கா. புதன்கிழமை புது ஆட்களுக்குப் பழக்குகிறோம். செருப்பில்லாமல் ஆட வேண்டும், காலில் வெடிப்பு இருந்தால் முதல் வாரம் கொஞ்சம் எரியும்.

சீசன்டிக்கெட் (ஈரோடு)

தறிக்காரரண்ணா, உங்கள் ‘நாகம்மாள்’ பிரதி கையில் இருந்தால் எங்கள் பெட்டிக்கு ஒரு சுற்று அனுப்புவீர்களா? சோமனூர் ஸ்டேஷனில் நான் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். அடுத்த ஷட்டவுனுக்கு முன்னால் திருப்பித் தந்துவிடுவோம்.

தறிச்சத்தம் (சோமனூர்)

வாங்க தம்பி. அட்டை கிழிந்திருக்கும், உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறது. திருப்பூரில் ஏறுகிற அந்த அக்காவுக்கு முதலில் கொடுங்கள். கடைசி அத்தியாயத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.